முதல் விசாரணை வீட்டில்தான் நடக்கிறது

கேள்வி: "என் அக்கா மகளுக்கு வயது 20. பகுதிநேர வேலை பார்த்த இடத்தில் மேலாளர் அவளிடம் அத்துமீறியிருக்கிறார். மூன்று மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். போலிசுக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டில் தினமும் சண்டை. அவளும் ஒருமுறை சொன்னதுபோல் மறுமுறை சொல்வதில்லை. புகார், விசாரணை, கோர்ட் என்று போனால் இருக்கிற கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்விடாதா? குடும்பமாக நாங்கள் என்ன செய்யலாம்? இன்னொன்று, என் அண்ணன் மகனுக்கு ஆட்டிசம். இப்படிப்பட்ட பிள்ளைகள் போலிசில் மாட்டிக்கொண்டால் அவர்களுக்கு யார் துணை?"

பதில்:

தெம்பு குறையும். அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. ஆனால் எது குறைக்கும் என்பதில் பெரும்பாலான குடும்பங்களின் கணக்கு தப்பாக இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் குடும்பச் சேவை நிலையத்தில் சமூகப் பணியாளராக இருந்த காலத்திலும், பிறகு தொண்டூழியராகப் பலரோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வந்த காலத்திலும் நான் கண்டது இது: போலிஸ் அறையைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். பிள்ளையை உண்மையில் அரைத்து எடுப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, மாதக்கணக்கில் நீளும் காத்திருப்பு. மற்றொன்று, நம் வீட்டு வரவேற்பறை.

முதல் விசாரணை அங்கேதான் நடக்கிறது. அம்மா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம், ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் மாமா. "ஏன் அவர்கூடத் தனியா போனே?" "கத்தியிருக்கலாமே?" "அன்னைக்கே ஏன் சொல்லல?" கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பதறிப்போய்க் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். கேட்பவரைச் சமாதானப்படுத்த அவள் சிலதைச் சேர்ப்பாள், சிலதை விடுவாள். "கத்தினேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு விசாரணை அதிகாரியிடம் "கத்தவில்லை, உறைந்துபோய் நின்றேன்" என்று உண்மையைச் சொல்லும்போது அது முரண்பாடாகப் பதிவாகும். இதில் உங்களுக்கே ஒரு பங்கு இருக்கிறது. அவள் முதலில் வாய் திறந்தது உங்களிடம். வழக்கு நீதிமன்றம் போனால், முதலில் கேட்டவர் என்ற முறையில் உங்களைச் சாட்சியாக அழைக்கலாம். அப்போது அவள் என்ன சொன்னாள், எந்த நிலையில் சொன்னாள் என்பதை நீங்கள் சொல்லவேண்டிவரும்.

ஆகவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள். அவள் உங்களிடம் சொன்ன நாள், நேரம், சொன்ன சொற்கள் இவை உங்கள் நினைவில் இருக்கிறபடி உங்களுக்காக மட்டும் எழுதிவையுங்கள். அவளை உட்காரவைத்து "முதலிலிருந்து சொல், நான் எழுதுகிறேன்" என்று கேட்டு எழுதாதீர்கள். ஒத்திகையும் வேண்டாம். மற்ற உறவினர்களுக்கு ஒரே பதில் சொல்லிவிடுங்கள்: "அவளிடம் யாரும் எதுவும் கேட்கவேண்டாம், என்னிடம் கேளுங்கள்." இதை ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொண்டாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

சரி, ஏன் ஒருமுறை சொன்னதுபோல் மறுமுறை சொல்வதில்லை? அவள் பொய் சொல்வதால் அப்படி வரவேண்டியதில்லை. பெரும் அச்சத்தில் மனித மூளை நிகழ்வை வரிசையாகப் பதிவு செய்வதில்லை. உயிருக்கு முக்கியம் என்று அந்த நொடியில் பட்ட ஒன்றிரண்டு விஷயங்கள் கல்லில் செதுக்கியதுபோல் நிற்கும். அறையின் ஏர்கான் சத்தம், சட்டைப் பொத்தானின் நிறம், அந்த ஆள் பூசியிருந்த வாசனை. எத்தனை மணி, முதலில் எது, பிறகு எது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் குழம்பிக்கிடக்கும். நாள் ஆக ஆக, தூக்கம் மீண்டும் வர வர, விட்டுப்போன துண்டுகள் சில மேலே வரும். உடல் அசையாமல் நின்றுவிடுவதும் அப்படித்தான். போராடவோ ஓடவோ வழியில்லை என்று உடல் தானாக முடிவெடுத்துவிட்டால் குரலும் வராது, கையும் எழாது. அது சம்மதம் ஆகிவிடாது. சிங்கப்பூர் உயர் நீதிமன்றமும் தன் தீர்ப்புகளில், பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் இன்னபடிதான் நடந்துகொள்வார் என்று ஒரு சட்டகத்துக்குள் அடைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. தாமதமாகப் புகார் கொடுப்பது மட்டுமே ஒருவரின் நம்பகத்தன்மையைக் கெடுத்துவிடாது. ஏன் தாமதம் என்ற விளக்கத்தைத்தான் நீதிமன்றம் எடைபோடும்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சாட்சி வேறு யாரும் இல்லாமல், தடயமும் இல்லாமல், அவளுடைய சொல்லை மட்டும் வைத்துத் தண்டிப்பதென்றால் அந்தச் சாட்சியம் வழக்கத்துக்கு மீறிய அளவில் நம்பத்தக்கதாக இருக்கவேண்டும் என்பது இங்குள்ள நீதிமன்றங்களின் நிலைப்பாடு. அதனால்தான் வீட்டு விசாரணையை நிறுத்தச் சொல்கிறேன். தெரியாததை "தெரியாது", நினைவில்லாததை "நினைவில்லை" என்று சொல்லும் துணிவு அவளுக்கு இருந்தால் போதும். இட்டுக்கட்டி நிரப்பிய ஒரு நேரக்கணக்கு, ஒப்புக்கொண்ட பத்து மறதிகளைவிட அதிகக் கெடுதல் செய்யும்.

போலிசுக்குப் போவதா என்ற முடிவு அவளுடையது. அவள் 20 வயதுப் பெண். நடந்தது அவள் கையிலிருந்து ஒரு முடிவைப் பறித்துக்கொண்ட சம்பவம். அடுத்த முடிவையும் நாம் பறிக்கக்கூடாது. சிங்கப்பூரில் இத்தகைய குற்றங்களுக்குப் புகார் கொடுக்கக் காலக்கெடு எதுவும் சட்டத்தில் இல்லை. இன்று வேண்டாம் என்றால் கதவு மூடிவிடாது. ஆனால் செய்திகள், கேமராப் பதிவுகள், பணி அட்டவணை போன்றவை காலப்போக்கில் அழிந்துபோகும். அவளுடைய கைப்பேசியில் அந்த ஆள் அனுப்பிய எதையும் அழிக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். கோபத்தில் அந்த ஆளின் எண்ணைத் தடுத்துவைத்தால்கூடப் பரவாயில்லை. அழித்துவிட்டால்தான் சிக்கல்.

ஒரு விஷயம் முன்கூட்டியே அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். புகார் கொடுத்தபின் வழக்கு அவளுடையது அல்ல, அரசாங்கத் தரப்பினுடையது. அவள் அதில் சாட்சி. குற்றம் சாட்டுவதா, விடுவதா என்று தீர்மானிப்பது தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம். நம்மவர்கள் பலர் "அப்புறம் வேண்டாம்னா கேஸை வாபஸ் வாங்கிக்கலாம்" என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அப்படி நினைத்தபடி வாங்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டு போவது வேறு, பாதி வழியில் தெரிந்துகொள்வது வேறு.

மூன்று மாதம் ஆகிவிட்டதால் இது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் குளிக்காமல், உடையைத் துவைக்காமல் போவது தடயத்துக்கு நல்லது. உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் காகிதப் பையில் வையுங்கள், ஈரத்தில் தடயம் கெட்டுவிடும். போலிஸ் கண்டோன்மென்ட் வளாகத்தில் ஒன்சேஃப் என்ற மையம் இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரை மருத்துவமனை அவசரப் பிரிவில் கூட்டத்தோடு காக்கவைக்காமல், பரிசோதனையும் தடயச் சேகரிப்பும் தனிமையில் அங்கேயே செய்கிறார்கள். எச்ஐவி தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டியது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் நேரம் முக்கியம். இந்த இரண்டும் மருத்துவ உதவிகள். போலிசுக்குப் போக மனம் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் உடனே போய்விடுங்கள்.

போக முடிவெடுத்தால் முதலில் யாரை அழைப்பது என்று கேட்பீர்கள். அவேர் என்ற மாதர் அமைப்பு நடத்தும் பாலியல் தாக்குதல் பராமரிப்பு நிலையம் 6779 0282 என்ற எண்ணில் இருக்கிறது. புகார் கொடுக்கலாமா என்று இன்னும் முடிவெடுக்காதவர்களும் அங்கே பேசலாம். அவர்கள் ஆலோசனை தருவார்கள், காவல் நிலையத்துக்கு உடன் ஆள் அனுப்புவார்கள். இரவு பகல் எந்நேரமும் என்றால் வன்முறை, பாலியல் தொல்லைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவதாக அவள் சொன்னால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767, ஆபத்து உடனடியாகத் தெரிந்தால் ஆம்புலன்சுக்கு 995. அந்தச் சமயத்தில் போலிஸ் பிடிக்கும் என்று பயப்படவேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவு 2020 ஜனவரி 1 முதல் இல்லை. இன்னும் பல பெரியவர்களுக்கு இது தெரியாது.

போலிஸ் படையில் 2025இல் பாலியல் குற்றங்களுக்கும் குடும்ப வன்முறைக்கும் என்றே ஒரு தனிப் பிரிவு அமைத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் பாதிக்கப்பட்டவருக்கு மனத்தளவில் துணையாக இருக்கும் ஏற்பாடும் போலிசிடமே உண்டு. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் அன்றைய அவசரத்தில் யாருக்கும் நினைவு வராமல் போகலாம். அதனால் கேளுங்கள். முகப்பில் எல்லார் காதிலும் விழும்படி விவரம் சொல்லவேண்டாம். "தனியறையில் பேசவேண்டும், பெண் அதிகாரி இருந்தால் நல்லது" என்ற ஒரு வரி போதும்.

வாக்குமூலம் எடுக்கும் அறைக்குள் நீங்கள் போக முடியாமல் போகலாம். நீங்களே சாட்சியாகும் வாய்ப்பு இருப்பதால் அது நல்லதும்கூட. உடன் போவதென்றால் அவளிடமிருந்து விவரம் எதுவும் கேட்டிராத தோழியோ ஆலோசகரோ சிறந்தவர். இது பல மணி நேர வேலை. அறை குளிரும், எனவே ஒரு ஸ்வெட்டர். ரொட்டியோ பிஸ்கட்டோ, தண்ணீர், மாதவிடாய் நாள் என்றால் அதற்கானது, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியும். பசியிலும் குளிரிலும் இருக்கும் ஒருவர், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று எதற்கும் "ஆமாம்" சொல்லிவிடுவார். இடைவேளை கேட்பதில் தப்பில்லை.

கடைசியில் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டுவார்கள். ஆங்கிலம் புரியாதவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும் என்பது சட்டம். அந்த நேரம்தான் முக்கியம், அந்த நேரத்தில்தான் எல்லாரும் களைத்துப்போய்த் தலையாட்டுகிறார்கள். ஒரு பெண், அதிகாரி வாசித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, வெளியே வந்து மின்தூக்கி அருகில் நின்று, "இரண்டாவது பக்கத்துல நான் அப்படிச் சொல்லலையே" என்றாள். திரும்ப உள்ளே போய்த் திருத்தினோம். அதிகாரி முகம் சுளிக்கவில்லை. கோடு போட்டு மாற்றி, பக்கத்தில் அவளிடம் சுருக்கொப்பம் வாங்கினார், அவ்வளவுதான். கையெழுத்துப் போடுமுன் தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம் என்பதை அவளுக்கு இன்றே சொல்லிவையுங்கள்.

தமிழிலேயே பேச விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் கேட்கவேண்டும். "எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும்" என்று சமாளிப்பது நம் பழக்கம். சமாளிக்காதீர்கள். 2020இல் உயர் நீதிமன்றம் பார்தி லியானி என்ற இந்தோனேசியப் பணிப்பெண்ணைத் திருட்டு வழக்கிலிருந்து விடுவித்தது பலருக்கு நினைவிருக்கும். அவருடைய வாக்குமூலங்கள் அவருடைய சொந்த மொழி மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பதிவானது அந்த வழக்கில் எழுந்த கேள்விகளில் ஒன்று. சந்தேக நபருக்கே இப்படி என்றால், உடம்பில் நடந்ததைச் சொல்லவேண்டிய பெண்ணுக்கு எவ்வளவு கடினம்! "தப்பா நடந்துக்கிட்டார்" என்பதோடு நம் வீட்டுப் பிள்ளைகள் நிறுத்திக்கொள்வார்கள். அதிகாரிக்கு எந்த இடம், எந்தக் கை, உடைக்கு மேலா உள்ளா என்று தெரிந்தாகவேண்டும். அதைப் பொறுத்துத்தான் குற்றச்சாட்டே மாறும். அசிங்கத்துக்காகக் கேட்கவில்லை என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தால் அந்தக் கேள்வி வரும்போது அவ்வளவாக இடிந்துபோகமாட்டாள்.

கைப்பேசி விஷயத்தை யாரும் எச்சரிப்பதில்லை. ஆதாரமாக அவளுடைய கைப்பேசியைப் போலிஸ் எடுத்துக்கொள்ளலாம், திரும்பிவர நாளாகும். இன்றைக்கு ஒருவருடைய கைப்பேசி போனால் அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் மின்னடையாளம் போகிறது, வங்கி போகிறது, வேலைக் குழு போகிறது, மனசு சரியில்லாத இரவில் தோழியை அழைக்கும் வழியும் போகிறது. பழைய கைப்பேசி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். முக்கிய எண்களைத் தாளில் எழுதிவையுங்கள். நான் பார்த்த குடும்பங்களில் பாதிப்பேரின் முதல் வாரச் சண்டை இதைப் பற்றித்தான்.

அப்புறம் காத்திருப்பு. விசாரணை, சட்ட அதிகாரி அலுவலகத்தின் முடிவு, முன்விசாரணைக் கூட்டங்கள், தேதி தள்ளிப்போவது. ஒரு வருடத்தைத் தாண்டுவது அபூர்வம் அல்ல. எதுவும் நடக்காத மாதங்களில்தான் "என்னை யாரும் நம்பவில்லை போல" என்ற எண்ணம் வேர்விடுகிறது. விசாரணை அதிகாரியின் பெயர், தொடர்பு எண், புகார் எண் மூன்றையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள், அவள் கேட்கவேண்டாம். ஆலோசனை சிகிச்சையை வழக்கு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆலோசகரின் குறிப்புகளை நீதிமன்றம் கேட்கும் வாய்ப்பு உண்டு, உண்மைதான். ஆனால் தூக்கம் இல்லாமல், சாப்பிடாமல் ஒன்றரை வருடம் காத்திருந்த ஒருத்தியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதைவிட அது சின்ன ஆபத்து.

நீதிமன்றத்தைப் பற்றிய பயத்தில் பாதி பழைய காலத்துப் பயம். 2018இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பெரிய திருத்தங்கள் வந்தன. பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் சாட்சி சொல்வது மூடிய நீதிமன்றத்தில். குற்றம் சாட்டப்பட்டவரின் முகம் கண்ணில் படாதபடி திரை வைக்கக் கோரலாம். காணொளி வழியாக வேறு அறையிலிருந்து சாட்சி சொல்லவும் வழி உண்டு. வழக்குக்குச் சம்பந்தம் இல்லாத அவளுடைய கடந்தகால உறவுகளைப் பற்றி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இஷ்டத்துக்குக் கேட்க முடியாது, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். இவற்றில் சில தானாக நடக்கும், சிலவற்றை அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டு வாங்கவேண்டும். ஆகவே விசாரணைக்கு முன் அவரைச் சந்திக்கும்போது "திரை வேண்டும், காணொளி வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். பாதிக்கப்பட்டவர் சிறுவராகவோ மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவராகவோ இருந்தால், சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் தொண்டூழியர்கள் நீதிமன்றத்தில் கூடவே இருக்கும் திட்டமும் பல காலமாக நடக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் குறுக்கு விசாரணை கடினம்தான். "நீ பொய் சொல்கிறாய்" என்று நேரடியாகவே சொல்வார்கள். அது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வேலை. அவருக்கும் அவள்மீது தனிப்பட்ட பகை கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணைக்கு உரிமை உண்டு. நாளைக்கே நம் வீட்டுப் பையன் அந்தப் பக்கம் நிற்கும் நிலை வந்தால் நாமும் அதைத்தான் எதிர்பார்ப்போம்.

உங்கள் அக்காவின் பயம் வேறு என்று ஊகிக்கிறேன். "பேப்பரில் வந்தா நாளைக்கு இவளை யார் கட்டிக்குவா?" பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும், பெயர், படம், வேலையிடம் உட்பட, வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. அந்தத் தடை புகார் கொடுத்ததிலிருந்தே தொடங்கிவிடுகிறது. செய்தித்தாளில் சில வழக்குகளில் குற்றவாளியின் பெயர்கூட வராததற்குக் காரணம் இதுதான், அவர் பெயரைப் போட்டால் அவள் யார் என்று தெரிந்துவிடும். என் அனுபவத்தில் இந்தத் தடையை மீறும் ஆபத்து நிருபர்களிடம் குறைவு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆளின் படத்தைப் போட்டு "இவன்தான்" என்று எழுதும் அண்ணனிடம்தான் அதிகம். கோபம் நியாயம், செயல் சட்டவிரோதமாகிவிடலாம், வழக்கையும் கெடுக்கும்.

உங்கள் அண்ணன் மகனைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இதைக் கேட்டதற்கு நன்றி. பாதிக்கப்பட்டவர் என்றால் அனுதாபம், சந்தேக நபர் என்றால் அமைதி என்றுதான் நம் வீடுகள் இருக்கின்றன. மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் உள்ளவர்களைப் போலிஸ் விசாரிக்கும்போது, அப்ரோப்ரியேட் அடல்ட் எனப்படும் பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் அறையில் இருப்பார். இந்தத் திட்டம் 2013இல் முன்னோட்டமாகத் தொடங்கி 2015இல் எல்லாப் போலிஸ் பிரிவுகளுக்கும் விரிவானது. 2016இல் 14 வயது மாணவர் ஒருவர் போலிஸ் விசாரணைக்குப் பின் உயிரிழந்த சம்பவத்தை அடுத்து, 2017 முதல் 16 வயதுக்குட்பட்ட சந்தேக நபர்களுக்கும் தனியாக ஒரு திட்டம் வந்தது. அதைச் சிறுவர் சங்கம் நடத்துகிறது.

அந்தத் தொண்டூழியர் வழக்கறிஞர் அல்ல. பையனுக்காகப் பதில் சொல்லமாட்டார், பேசாதே என்று அறிவுரையும் தரமாட்டார். கேள்வி அவனுக்குப் புரிகிறதா, அவன் பதற்றத்தில் இருக்கிறானா, கழிவறைக்குப் போகவேண்டுமா, கேட்டதையே திருப்பிச் சொல்கிறானா என்று பார்த்துச் சொல்வார். "நீதானே எடுத்தே?" என்றால் "நீதானே எடுத்தே" என்று எதிரொலிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பழக்கம் இல்லாதவர் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பெற்றோரை ஏன் உள்ளே விடுவதில்லை என்று கேட்பார்கள். அம்மா அழுதால் பிள்ளை அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்லும், அதனால்தான் நடுநிலையான ஒருவர்.

இதில் வீட்டாரின் பங்கு ஒன்றே ஒன்று, ஆனால் அதில்தான் எல்லாம் தொங்குகிறது: முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆட்டிசம் முகத்தில் எழுதியிருக்காது. நன்றாகப் பேசும் பையன் என்றால் அதிகாரிக்குத் தெரியவே தெரியாது. வளர்ச்சிக் குறைபாட்டுப் பதிவேட்டு அடையாள அட்டை என்று ஒன்று இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்து அவன் பணப்பையில் வைத்துவிடுங்கள். "அடையாளம் குத்தின மாதிரி ஆயிடும்" என்று அண்ணன் தயங்கலாம். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஒப்புக்கொள்ளவில்லை. மருத்துவ அறிக்கையின் நகல் ஒன்றும் கையோடு இருக்கட்டும்.

வழக்கு என்று வந்தால் பணம் இல்லாதவர்களுக்குக் குற்றவியல் சட்ட உதவித் திட்டம் 1985 முதல் இருக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்கமே நடத்தும் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் 2022 டிசம்பரில் வந்தது. வருமான வரம்பு உண்டு, விண்ணப்பித்துப் பாருங்கள். தண்டனைக் கட்டத்தில், மனநோய் குற்றத்துக்குக் காரணமாக இருந்து சிகிச்சைக்குக் கட்டுப்படும் என்று மனநல மருத்துவர் சொன்னால், சிறைக்குப் பதில் கட்டாய சிகிச்சை உத்தரவு கிடைக்க வழி உண்டு. அதிகபட்சம் 36 மாதம். கடும் குற்றங்களுக்கு அது பொருந்தாது. ஆட்டிசம் மட்டும் என்றால் இதைவிட நன்னடத்தைக் கண்காணிப்பு பொருத்தமாக இருக்கலாம். அதை வழக்கறிஞர்தான் சொல்லவேண்டும்.

இந்தப் பேச்சு வந்தால் நம்மவர்கள் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. 2009இல் போதைப்பொருளுடன் கைதான மலேசியத் தமிழர். நுண்ணறிவு அளவு (ஐக்யூ) 69 என்று மருத்துவப் பரிசோதனை சொன்னது. தான் செய்வது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது என நீதிமன்றங்கள் முடிவு செய்தன. 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்பை இங்கே வாதாட வரவில்லை. அவர் கைதானபோது நான் மேலே சொன்ன தொண்டூழியர் திட்டம் இல்லை. இன்று இருக்கிறது. ஆனால் பையனின் நிலைமையை யாராவது சொன்னால்தான் அது இயங்கும்.

கடைசியாக, உங்கள் அக்கா மகளின் வழக்கில் குற்றச்சாட்டே இல்லை என்ற முடிவு வரலாம். அந்த ஆளுக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்து முடித்துவிடலாம். ஆதாரம் போதாது என்பதற்கும் அவள் சொன்னது பொய் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. முடிவைச் சொல்லும் தொலைபேசி அழைப்பு எப்போது வரும் என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டு, அன்று அவள் வேலையில் தனியாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் தொடர்ந்து செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்தால், தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். அதற்கென்றே 2021 ஜூன் முதல் ஒரு நீதிமன்றம் இருக்கிறது, குற்ற வழக்கு இல்லாவிட்டாலும் அங்கே போகலாம். ஆலோசனையும் வழக்கின் முடிவைப் பொறுத்தது அல்ல, தொடரும். வழக்கு எப்படி முடிந்தாலும் அன்று போட்டிருந்த உடை, கைப்பேசி போன்ற பொருள்களைத் திரும்பப் பெறச்சொல்லி அழைப்பார்கள். அவளை அனுப்பவேண்டாம். அவள் சார்பில் நீங்கள் வாங்கிக்கொள்ள முடியுமா என்று விசாரணை அதிகாரியிடம் முன்பே கேட்டுவையுங்கள். உடை வேண்டாம் என்று அவள் சொன்னால் அதையும் அவரிடமே சொல்லிவிடலாம்.